‘சோதித்தோம், குறை ஏதும் இல்லை’

சுடுதளம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஸ்கோப்பை, அதாவது ரைஃபிளின் மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கியை, பற்றியவை. அதிலும் ஸ்கோப் கெட்டுப்போனதைவிட, அதைச் சர்வீஸுக்கு அனுப்பிய பிறகு பட்ட பாட்டைத்தான் பலர் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பல வருடம் ஒளியியல் கருவிகளைப் பழுதுபார்த்தவன் நான். இப்போது ஒரு சுடும் கழகத்தின் கருவி அறையைக் கவனித்துக்கொள்கிறேன். இந்த விஷயத்தில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கடிதங்களில் இருந்த நிறுவனப் பெயர்களை எடுத்துவிட்டேன். குறை எல்லா விலையிலும் எல்லாப் பெயரிலும் வருகிறது.

ஐயா, என் ரைஃபிள் 100 மீட்டரில் ஐந்து குண்டையும் 3 செ.மீ. வட்டத்துக்குள் போடும். கொஞ்ச நாளாக மூன்று ஓரிடத்திலும், அடுத்த இரண்டு நான்கைந்து செ.மீ. தள்ளியும் விழுகின்றன. ஸ்கோப்பை இரண்டு முறை தயாரிப்பாளருக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு முறையும் வாரக்கணக்கில் வைத்திருந்து, ‘சோதித்தோம், குறை ஏதும் இல்லை’ என்று ஒரு துண்டுச் சீட்டோடு திருப்பிவிட்டார்கள். மாட்டிச் சுட்டால் அதே கதை. நான் என்னதான் செய்வது?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. எதைச் சோதித்தார்கள், எப்படிச் சோதித்தார்கள் என்று ஒரு வரிகூட எழுதாமல் பொருளைத் திருப்பி அனுப்புவதைப் பழுதுபார்ப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே நேரம், அவர்கள் பொய் சொல்லியிருப்பார்கள் என்றும் நான் நினைக்கவில்லை. அவர்கள் மேசையில் உங்கள் குறை உண்மையிலேயே தென்பட்டிருக்காது. அது ஏன் என்று தெரிந்துகொண்டால்தான் மூன்றாவது தடவை காரியம் நடக்கும்.

ஸ்கோப்பின் வெளிக்குழாய்க்குள் இன்னொரு மெல்லிய குழாய் இருக்கிறது. எரக்டர் என்பார்கள். தலைகீழாக விழும் பிம்பத்தை நிமிர்த்திக் கொடுக்கும் லென்ஸ்கள் அதற்குள்தான் இருக்கின்றன. பெரும்பாலான ஸ்கோப்புகளில் அதன் பின்முனை ஒரு மூட்டில் நிற்கும், முன்முனை அசையும். மேல் டரட்டை, அதாவது குறியை ஏற்றி இறக்கும் குமிழை, திருப்பினால் அதன் திருகுமுனை அந்தக் குழாயை மேலிருந்து தள்ளும். பக்கத்து டரட் பக்கத்திலிருந்து தள்ளும். எதிர்ப்புறத்தில் ஒரு வில் (ஸ்பிரிங்), சுருளாகவோ பட்டையாகவோ, குழாயைத் திருகுமுனைகளோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கும். உங்கள் ஜீரோ, அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி செய்துவைத்த அமைப்பு, மொத்தமும் அந்த வில்லை நம்பித்தான் நிற்கிறது.

டரட் ஒரு படி நகர்வதுதான் க்ளிக், மில் என்பது ஒரு கோண அளவு. 0.1 மில் க்ளிக் ஒன்று 100 மீட்டரில் 1 செ.மீ. அந்த ஒரு க்ளிக்குக்கு உள்ளே நடக்கும் அசைவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்குதான். அப்படியென்றால் உங்கள் ஐந்து செ.மீ. தாவலுக்கு ஒரு தலைமுடித் தடிமன் அசைவே போதும். வில் கொஞ்சம் தளர்ந்திருக்கலாம், மூட்டில் இம்மியளவு ஆட்டம் விழுந்திருக்கலாம், லென்ஸை இறுக்கும் வளையம் கால் சுற்றுக் கழன்றிருக்கலாம். துப்பாக்கி உதைக்கும்போது எரக்டர் நகர்ந்து, வேறு இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். அடுத்த உதையில் பழைய இடத்துக்கே திரும்பினாலும் திரும்பும். இரண்டு இடத்தில் குரூப் (குண்டுகளின் கொத்து) விழுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இந்த வகைக் கோளாறுக்கே உரிய அடையாளம்.

சர்வீஸ் மேசையில் என்ன நடக்கும்? ஸ்கோப்பை ‘வி’ வடிவத் தாங்கியில் கிடத்துவார்கள். எதிரே கொலிமேட்டர், அதாவது அளவுக் கட்டங்களை வெகு தூரத்தில் இருப்பதுபோல் காட்டும் கருவி. அதில் தெரியும் கட்டங்களை ஸ்கோப் வழியாகப் பார்த்துக்கொண்டே டரட்டை ஏற்றி இறக்குவார்கள். ஸ்கோப்பின் குறிக்கோடு சரியாகப் போய்ச் சரியாகத் திரும்பினால் தேர்ச்சி. அந்த மேசையில் உதை கிடையாது. அதிர்ச்சி கொடுத்துச் சோதிக்கும் பொறி வைத்திருக்கிற நிறுவனங்களும் உண்டு. ஆனால் நீங்கள் கேட்காமலே உங்கள் ஸ்கோப்பை அதில் ஏற்றுவார்கள் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

வாரண்டி முடிந்த ஸ்கோப் ஒன்று என்னிடம் வந்தது. உங்களுடையதைப் போலத்தான், அங்கே போய் ‘குறை இல்லை’ என்று திரும்பியது. கொலிமேட்டரில் எனக்கும் குறை தெரியவில்லை. டரட் கூட்டை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தேன். கோடு அரை மில் இறங்கியிருந்தது. இன்னொரு தட்டு, திரும்ப ஏறியது. பிரித்துப் பார்த்தால், பட்டை வில்லைப் பிடித்திருந்த சின்னஞ்சிறு திருகு தளர்ந்து, வில் தன் இடத்திலிருந்து சற்றுக் கோணலாக நின்றது. அதோடு, டரட்டின் எஃகு முனை உட்கார்ந்து உட்கார்ந்து அலுமினிய எரக்டர் குழாயில் ஒரு குழி விழுந்திருந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும், அவ்வளவு சின்னக் குழி. டரட் முனை அந்தக் குழியின் விளிம்பில் ஏறினால் ஒரு ஜீரோ, உள்ளே இறங்கினால் இன்னொரு ஜீரோ. அதை வைத்துக்கொண்டு ஒருவர் பல மாதம் தன் மூச்சையும் ட்ரிகர் விரலையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இதில் மனம் பொறுக்காத இடம் அதுதான். கருவியின் குறை, சுடுபவர் தலையில் விழுகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். குற்றவாளி ஸ்கோப்தான் என்பதை முதலில் நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்டாக்கோடு (தோளில் வைக்கும் கட்டையோடு) ரைஃபிளைப் பிணைக்கும் திருகுகள், ஸ்கோப்பைத் தாங்கும் மவுண்டின் அடித்தளத் திருகுகள், ஸ்கோப் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்கின் திருகுகள் மூன்றையும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவர் வைத்துப் பாருங்கள். அடித்தளத் திருகு ஒன்று தளர்ந்திருந்தாலும் இதே நோய்க்குறிதான் வரும். அதற்குப் பிறகு, நன்றாக இருப்பதாக ஏற்கெனவே தெரிந்த இன்னொரு ஸ்கோப்பை அதே மவுண்டில், அதே பெட்டித் தோட்டாவில் சுடுங்கள். கோளாறு போய்விட்டால் உங்கள் ஸ்கோப்பை வேறொரு ரைஃபிளில் மாட்டுங்கள். கோளாறும் கூடவே போகிறதா? அப்படியானால் விவாதம் முடிந்தது. மாற்றிப் போட்டுப் பார்க்கும் இந்தச் சோதனைக்கு ஈடாக வேறு எதையும் நான் கண்டதில்லை.

ஒரு எச்சரிக்கை. மூன்று குண்டை மட்டும் வைத்து ‘ஜீரோ நகர்ந்துவிட்டது’ என்று முடிவு கட்டாதீர்கள். 3 செ.மீ. குரூப் போடும் ரைஃபிளில் மூன்று குண்டின் நடுப்புள்ளி தானாகவே இங்கும் அங்கும் ஒரு செ.மீ. போல நகரும். பத்துப் பத்தாகச் சுட்டு, ஒவ்வொரு குண்டும் எந்த வரிசையில் எங்கே விழுந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். வரிசை மிக முக்கியம். எத்தனையாவது குண்டில் தாவியது என்பதிலிருந்துதான் பழுதுபார்ப்பவருக்குத் துப்புக் கிடைக்கும்.

அடுத்து டரட். 100 மீட்டரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். காலடிக் கணக்கு உதவாது. உயரமான தாளில் தூக்குநூல் பிடித்து நேர்கோடு ஒன்று வரையுங்கள். கீழே ஒரு புள்ளி. எப்போதும் அந்தப் புள்ளியையே குறிவைத்து, ஜீரோவில் ஒரு குரூப், 10 மில் ஏற்றி ஒரு குரூப், திரும்ப இறக்கி ஒரு குரூப். இரண்டாவது குரூப் சரியாக 1 மீட்டர் மேலே, கோட்டின் மேலேயே விழ வேண்டும். மூன்றாவது, முதலாவதன் மேல் விழ வேண்டும். ஏற்றத்தில் 2 செ.மீ. குறைந்தால் அது 2 சதவீதப் பிழை. கிட்டத்தில் தெரியாது, 800 மீட்டருக்கு அதே 10 மில் ஏற்றினால் 16 செ.மீ. தவறும். உங்கள் டரட் எம்.ஓ.ஏ. (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) கணக்கு என்றால் 1 எம்.ஓ.ஏ. 100 மீட்டரில் ஏறக்குறைய 29 மி.மீ.

இவ்வளவும் முடித்த பிறகு ஸ்கோப்போடு ஒரு கடிதம் போகட்டும். ‘ஜீரோ நிற்கவில்லை’ என்று மட்டும் எழுதினால் மறுபடியும் கொலிமேட்டர், மறுபடியும் அதே சீட்டு. இப்படி எழுதுங்கள்:

‘உதை வந்தால் மட்டுமே இந்தக் குறை தெரிகிறது. 100 மீட்டரில், பெஞ்சில் வைத்துச் சுட்டபோது 4-ஆவது, 7-ஆவது, 8-ஆவது குண்டுகள் 0.5 மில் கீழே விழுந்தன. வேறு ஸ்கோப் மாட்டினால் இதே ரைஃபிள் சரியாகச் சுடுகிறது. இந்த ஸ்கோப்பை இன்னொரு ரைஃபிளில் மாட்டியபோதும் இதே தாவல். இலக்குத் தாள்களின் படம் இணைத்துள்ளேன். அதிர்ச்சி கொடுத்துச் சோதித்து, எரக்டர் வில்லையும் மூட்டையும் பார்க்கவும். எந்தப் பாகத்தை மாற்றினீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும். கோளாறு தென்படாவிட்டால் திருப்பி அனுப்பும் முன் என்னோடு தொலைபேசியில் பேசவும்.’

எண்கள் உங்கள் தாளில் உள்ளவையாக இருக்கட்டும். கடைசி இரண்டு வரிகளை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். ‘இது இரண்டு முறை வந்துபோன ஸ்கோப்’ என்று முன்பு வந்த இரண்டு சீட்டுகளின் நகலையும் வையுங்கள். ரிங்கைக் கழற்றிவிட்டு, சீரியல் எண் தெரியும்படி நாலா பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, பிறகு கட்டுங்கள். நாட்டு எல்லை தாண்டிப் போகிறதென்றால் இன்னொன்று: பல நாடுகளில் ரைஃபிள் ஸ்கோப்பைச் சும்மா ஏற்றுமதி செய்துவிட முடியாது. ‘பழுதுபார்க்கத் தற்காலிகமாகப் போகிறது’ என்று சீரியல் எண்ணோடு சுங்கத் தாள் வாங்காமல் அனுப்பினால், திரும்பி வரும்போது புதுப் பொருளாக எண்ணி வரி கேட்பார்கள்.

நான் ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் சுடுகிறேன். பெரிய ரைஃபிளுக்கே தாங்கும் என்று சொல்லி வாங்கிய ஸ்கோப். சில நூறு சுடுதலிலேயே உள்ளே ஏதோ கலகலவென்று ஆடியது, கோடும் சாய்ந்துவிட்டது. ‘தவறான பயன்பாடு’ என்று வாரண்டியை மறுத்துவிட்டார்கள். ஏர் ரைஃபிளில் உதையே இல்லையே, சார்? – ஒரு வாசகி

தோளில் தெரியாது, அம்மா. ஸ்கோப்புக்குத் தெரியும். தோட்டா ரைஃபிளில் உதை ஒரே திசை, பின்னோக்கி. உங்கள் ரைஃபிளில் வில் விடுபட்டு பிஸ்டன் முன்னே பாயும்போது ரைஃபிள் பின்னே நகரும். அடுத்த கணமே பிஸ்டன் சிலிண்டர் முனையில் போய் நிற்கிறது. அப்போது ரைஃபிள் முன்னோக்கி வெட்டி இழுக்கும். இரு திசையிலும் அடி, அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக. ஒரு திசை உதைக்கு மட்டும் லென்ஸ்களை முட்டுக்கொடுத்து நிறுத்திய ஸ்கோப்பில், இந்த முன்னிழுப்பு லென்ஸ் வளையங்களைக் கழற்றிவிடும், குறிக்கோடுகள் உள்ள ரெட்டிகிளைத் திருப்பிவிடும். பெரிய துப்பாக்கியில் வருடக்கணக்கில் தாங்கிய ஸ்கோப், வில் ரைஃபிளில் சீக்கிரமே உடைவது இதனால்தான்.

அவர்கள் மறுத்தது நியாயமா என்றால், பெட்டியையும் கையேட்டையும் எடுத்துப் பாருங்கள். ‘ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு ஏற்றதல்ல’ என்று அச்சிட்டிருந்தால் வழக்கு பலவீனம். எதுவும் சொல்லாமல் ‘எல்லா ரைஃபிளுக்கும்’ என்று எழுதியிருந்தால், அந்த வரியைப் படமெடுத்து இணைத்து, மறுப்பை மறுபரிசீலனை செய்யச் சொல்லி எழுதுங்கள். எல்லா ரைஃபிளும் என்று சொன்னது அவர்கள். அதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்த ஸ்கோப்பை ‘ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் தாங்கும்’ என்று வெளிப்படையாக எழுதியதாகப் பார்த்து வாங்குங்கள். ‘ஏர் ரைஃபிள்’ என்று மட்டும் போட்டிருப்பது போதாது. காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் பி.சி.பி. ரைஃபிளும் ஏர் ரைஃபிள்தான், அதில் இந்த வெட்டிழுப்பு கிடையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்களுடையது குழலை மடித்து வில்லேற்றும் ரகமா? அவற்றில் பலவற்றில் குழல் சற்றுக் கீழ்நோக்கி இருக்கும். அதை ஈடுகட்ட டரட்டை ஏற்றிக்கொண்டே போவீர்கள். ஏற்ற ஏற்றத் திருகு வெளியே வருகிறது, வில் விரிகிறது, பிடி தளர்கிறது. கடைசி எல்லைக்குப் பக்கத்தில் எரக்டர் மிதக்கத் தொடங்கிவிடும். புது ஸ்கோப்பே ‘ஜீரோ நிற்காத’ ஸ்கோப் ஆகிவிடும். பின்பக்கம் உயரமாகச் செய்த மவுண்ட் கிடைக்கிறது, அதை வாங்கிப் போட்டு, டரட் நடுவாக்கில் இருக்கும்படி ஜீரோ செய்யுங்கள். மவுண்ட் பின்னால் ஊர்ந்து போகாமல் தடுக்கும் ஊசி, ரைஃபிளில் உள்ள துளையில் இறங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ரிங் அழுத்திய தடம் இருக்கிறது என்று காரணம் காட்டி இலவசமாகப் பழுதுபார்க்க மறுக்கிறார்கள். ரிங் போட்டால் தடம் வரத்தானே செய்யும்?

லேசான தடம் வரும். மேற்பூச்சில் தெரியும் வளையம் வேறு, குழாயே நசுங்கியிருப்பது வேறு. விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் பள்ளத்தில் இறங்கினால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நசுங்கிய குழாய்க்குள் எரக்டர் உரசும், உருப்பெருக்க வளையம் இறுகும், இலக்கின் தூரத்துக்கேற்பத் திருப்பும் பேரலாக்ஸ் குமிழ் திருப்பக் கஷ்டமாகும்.

ரிங்கின் மேல்மூடித் திருகுகளுக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் அளவு 15 முதல் 18 அங்குல-பவுண்டு, அதாவது சுமார் 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர். உங்கள் ஸ்கோப்போ ரிங்கோ வேறு எண் சொன்னால் அதுவே செல்லும். இரண்டும் வேறுபட்டால் குறைந்த எண்ணை எடுங்கள். அது கைக்கு ரொம்பக் குறைவாகத்தான் தோன்றும். எல் வடிவச் சாவியால் ‘நன்றாக இருக்கட்டும்’ என்று ஒரு இழு இழுத்தால் அதைத் தாண்டிவிடும். திருகில் எண்ணெயோ லாக் திரவமோ இருந்தால் அதே அளவிலேயே இறுக்கம் இன்னும் கூடும், அதையும் கணக்கில் வையுங்கள். இரண்டு ரிங்கும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் சரியான அளவில் இறுக்கினாலும் குழாய் வளையும். ஒரே கட்டையில் கடைந்த மவுண்ட் வாங்கினால் இந்தத் தலைவலி பெரும்பாலும் போய்விடும்.

உங்களுடையது மேற்பூச்சுத் தடம்தான் என்றால் விடாதீர்கள். ‘குழாயின் விட்டத்தை நீங்கள் அளந்தீர்களா? எவ்வளவு நசுங்கியிருக்கிறது?’ என்று கேட்டு எழுதுங்கள். 30 மி.மீ. குழாயை இரண்டு குறுக்கில் மைக்ரோமீட்டரால் அளந்தால் நசுங்கலுக்கு எண் கிடைத்துவிடும். அந்த எண்ணைச் சொல்லாத நிறுவனம் அளக்கவே இல்லை என்பதே என் கணிப்பு.

ஸ்கோப்புக்குள் மூடுபனி போல் படிகிறது. கண்பக்க லென்ஸைக் கழற்றித் துடைக்கலாமா?

கூடவே கூடாது. முதலில் வெளியிலா உள்ளேயா என்று பாருங்கள். குளிரிலிருந்து வெப்பமான அறைக்குள் கொண்டுவந்தாலோ மூச்சுக்காற்று பட்டாலோ வெளிப்பக்கம் படிவது இயல்பு, துடைத்தால் போய்விடும். துடைத்தும் போகாவிட்டால் அது உள்ளே. ஈரமில்லாத நைட்ரஜனோ ஆர்கனோ அடைத்து, ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் வைத்து மூடியதுதான் ஸ்கோப். உள்ளே பனி படிகிறது என்றால் எங்கோ அந்த அடைப்பு விட்டுப்போய் ஈரக்காற்று புகுந்துவிட்டது. கழற்றினால் மீதமிருக்கும் அடைப்பும் போகும், வாரண்டியும் போகும். இந்தக் கோளாறை மட்டும் சர்வீஸில் யாரும் மறுக்க முடியாது. மேசை மேலேயே தெரியும். ஐ.பி.எக்ஸ். 7 என்று பெட்டியில் போட்டிருந்தால் 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்க வேண்டும் என்று பொருள். அந்த வாக்கைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

தலையைக் கொஞ்சம் அசைத்தால் இலக்கின் மேல் கோடும் அசைகிறது. ரெட்டிகிள் கழன்றுவிட்டதா?

இல்லை, அது பேரலாக்ஸ். இலக்கின் பிம்பமும் கோடும் ஒரே தளத்தில் விழாததால் வருவது. இதற்காக ஸ்கோப்பை அனுப்பிவிடாதீர்கள். ஸ்கோப்பை வெறும் வானத்துக்கோ வெள்ளைச் சுவருக்கோ நேரே பிடித்து, கண்பக்க வளையத்தைத் திருப்பி, பார்த்த உடனேயே கோடு கூர்மையாகத் தெரியும்படி வையுங்கள். பிறகு இலக்கைப் பார்த்துக்கொண்டே பேரலாக்ஸ் குமிழைத் திருப்பி, தலையை அசைத்தாலும் கோடு அசையாத இடத்தில் நிறுத்துங்கள். குமிழில் எழுதியிருக்கும் தூரத்தை நம்பாதீர்கள். அந்த எண்கள் ஏறக்குறையத்தான் சரியாக இருக்கும். குமிழே இல்லாத ஸ்கோப் என்றால் ஏதோ ஒரு தூரத்துக்கு நிலையாக வைத்திருப்பார்கள். .22 ரைஃபிளுக்கான ஸ்கோப்புகளில் அது வழக்கமாக 50 கெஜம். அந்தத் தூரம் தவிர மற்ற இடங்களில் கன்னத்தை ஒரே இடத்தில் வைத்துச் சுடுவதுதான் வழி.

‘ஆயுள் உத்தரவாதம்’ என்று வாங்கிய பழைய ஸ்கோப். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் குறி விலகுகிறது. இப்போது பாகம் இல்லை, அதற்குப் பதில் வேறு மாடல் தருகிறோம் என்கிறார்கள். எனக்கு என் ஸ்கோப்தான் வேண்டும். வற்புறுத்தலாமா?

முதலில் அந்தக் குறையை உறுதி செய்துகொள்ளுங்கள், சுடாமலே செய்யலாம். ரைஃபிளைக் காலி செய்து, போல்ட்டையும் கழற்றி, அசையாத கிடுக்கியில் பிடித்து, தூரத்துப் புள்ளி ஒன்றில் கோட்டை நிறுத்துங்கள். எதையும் தொடாமல் உருப்பெருக்க வளையத்தை மட்டும் மெதுவாகத் திருப்புங்கள். கோடு புள்ளியை விட்டு நகர்ந்தால், எரக்டருக்குள் லென்ஸ்களை முன்பின் நகர்த்தும் தடம் தேய்ந்திருக்கிறது. அது பாகம் மாற்றினால் மட்டுமே சரியாகும். நகரவில்லை என்றால் சுடும்போது வேறு ஏதோ நடக்கிறது, முதல் கேள்விக்கான பதிலைப் பாருங்கள்.

உத்தரவாதச் சொற்களை வரிவரியாகப் படியுங்கள். யாருடைய ஆயுள்? சில நிறுவனங்கள் ரசீது வைத்திருக்கும் முதல் உரிமையாளருக்கு மட்டும் தருகின்றன, சில யார் கையில் இருந்தாலும் தருகின்றன. ஒளிரும் ரெட்டிகிளின் மின்பாகங்களுக்கு மட்டும் தனியாகக் குறைந்த வருடம் போட்டிருப்பார்கள். ‘பழுதுபார்ப்போம் அல்லது மாற்றித் தருவோம், முடிவு எங்களுடையது’ என்ற வரி அநேகமாக எங்காவது இருக்கும். அது இருந்தால், பாகம் இல்லை என்று அவர்கள் சொன்ன பிறகு வற்புறுத்திப் பயனில்லை.

ஆனால் மாற்றுப் பொருளை ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிடுங்கள். குழாய் விட்டம் அதேதானா, இல்லையென்றால் உங்கள் ரிங் வீண். டரட் மில்லா எம்.ஓ.ஏ.வா? ரெட்டிகிள் முதல் குவியத் தளத்திலா (எரக்டருக்கு முன்னால்) இரண்டாவதிலா (அதற்குப் பின்னால்)? இரண்டாவது என்றால் கோட்டின் அளவுகள் ஒரு குறிப்பிட்ட உருப்பெருக்கத்தில் மட்டுமே சரி. புதியதா, இன்னொருவரிடமிருந்து திரும்பி வந்து செப்பனிட்டதா? செப்பனிட்டதைத் தருவதில் தவறில்லை, சொல்லாமல் தருவதுதான் தவறு. புதுச் சீரியல் எண்ணுக்கும் உத்தரவாதம் தொடர்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள்.

பழைய ஸ்கோப்பின் மேல் உங்களுக்கிருக்கும் பிடிப்பு எனக்குப் புரிகிறது. அதையும் திருப்பித் தருவார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் தரமாட்டார்கள், ஆனால் கேட்டு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

மாற்றித் தந்த ஸ்கோப் இப்போதுதான் வந்திருக்கிறது. வாரக் கடைசியில் போட்டி. அப்படியே மாட்டிக்கொண்டு போகலாமா?

இந்தப் போட்டிக்கு வேண்டாம். சர்வீஸிலிருந்து வந்த ஸ்கோப்பும் முகம் தெரியாத ஸ்கோப்தான். மேலே சொன்ன உயரத் தாளில் ஏற்றி இறக்கும் குரூப், கிடுக்கியில் உருப்பெருக்க வளையம், இவை இரண்டும் முடியாமல் என் கழகத்தில் எந்த ஸ்கோப்பையும் போட்டி ரைஃபிளில் ஏற்ற நான் விடுவதில்லை. கோளாறு திரும்ப வந்தால், வந்த வாரத்திலேயே எழுதினால்தான் ‘எங்களிடமிருந்து சரியாகத்தான் போனது’ என்று தட்டிக்கழிக்க முடியாது. ஆகவே இந்தச் சோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள், தேதி போட்டுத் தாள்களை வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டிக்கு உதிரி ஸ்கோப் இருந்தால் அதை மாட்டுங்கள். இனிமேலாவது அதைத் தனி மவுண்டிலேயே நிரந்தரமாக விட்டுவிட்டு, ரைஃபிளில் ஏற்றியதும் எத்தனை க்ளிக் திருத்த வேண்டும் என்று மவுண்டின் மேலேயே ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள். ஒன்று சர்வீஸில் மாதக்கணக்கில் கிடந்தாலும் உங்கள் பயிற்சி நிற்காது. உதிரி இல்லையென்றால் கழகத்தில் கேளுங்கள். கருவி அறையில் இரவல் தர ஒன்றாவது வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஜீரோ செய்து, சனிக்கிழமை காலை ஐந்து குண்டு போட்டுப் பார்த்துவிட்டு வரிசையில் நில்லுங்கள்.